ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4: இருவர் சேர்ந்து ஆடும்போது கூடுவதும் குறைவதும்

இரண்டாம் கன்ட்ரோலர் எழுதியது:

ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4 என்ற வீடியோ விளையாட்டை என் தம்பியுடன் சேர்ந்து இரண்டு முறையும் தனியாக ஐந்தாறு முறையும் முடித்திருக்கிறேன். அதன் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் குறை அதன் சிறப்பிலிருந்தே பிறப்பதால், சிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவ்வகை அடிதடி விளையாட்டுகளில் ஸ்பெஷல் தாக்குதல் என்பது நெடுங்காலமாகவே உயிரைக் கொடுத்து வாங்கும் சரக்கு. 1989இல் வந்த ஃபைனல் ஃபைட்டிலேயே, நாலாபுறமும் சூழப்பட்டவர் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் சுழன்றடித்துத் தப்பலாம். ஆனால் அடி எதிரி மீது பட்டால் எஞ்சிய உயிரைக் காட்டும் உயிர்க்கோட்டில் ஒரு துண்டு போகும். போனது போனதுதான். அதனால் அதை உயிர் போகும் நிலை வந்தாலொழியத் தொடமாட்டோம். 2020 ஏப்ரலில் வந்த இந்த நான்காம் பாகம் அந்தக் கணக்கையே மாற்றியது. இதில் ஸ்பெஷல் அடித்தால் உயிர்க்கோட்டின் ஒரு பகுதி பச்சையாகிறது. அதன்பின் எதிரிகளை அடிக்க அடிக்க அந்தப் பச்சை மீண்டும் நம் உயிராகிறது. இடையில் ஒரே ஒரு அடி வாங்கினாலும் பச்சை முழுவதும் பறிபோகிறது. கடன் வாங்கிச் செலவு செய்துவிட்டு, கொடுத்தவர் வாசலுக்கு வருவதற்குள் உழைத்து அடைப்பதைப் போன்றது இது. பயந்து ஒதுங்குபவரை இந்த விளையாட்டு தண்டிக்கிறது, அடிவாங்காமல் முன்னேறுபவரை வாழவைக்கிறது. தனியாக ஆடும்போது இதைவிடச் சீரான ஒரு விதியை இவ்வகையில் நான் கண்டதில்லை.

இருவர் ஆடும்போதுதான் சிக்கல். இரண்டாம் கட்டமான காவல் நிலையத்தில், ஒரு குறுகிய கூடத்தில் ஆக்ஸல் என்ற பாத்திரமாக ஆடிய நான் மூவரிடம் மாட்டிக்கொண்டேன். ஸ்பெஷல் அடித்து இருவரை வீழ்த்தினேன். என் கோட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பச்சையாக நின்றது. எஞ்சியிருந்த ஒருவன் மீதுதான் அந்தக் கடனை அடைக்க எண்ணியிருந்தேன். அவன் எழுந்து நிற்பதற்குள், செர்ரி என்ற பாத்திரத்தை எடுத்திருந்த தம்பி அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து கிட்டாரால் ஒரே போடாகப் போட்டான். திரை காலியானது. என் பச்சை அப்படியே நின்றது. அடுத்த கூட்டத்திலிருந்து வந்த முதல் உதையில் அது முழுவதும் போயிற்று. தம்பி செய்தது உதவி; ஆனால் அந்த உதவியால் நான் இழந்தது எதிரிகள் மூவரும் சேர்ந்து எடுத்திருக்கக்கூடியதை விட அதிகம்.

ஆகவே என் கேள்வி இதுதான்: தனியாள் ஆட்டத்திற்காகச் செதுக்கப்பட்ட ஒரு விளையாட்டில் இரண்டாவது ஆளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்களா, அல்லது இருவர் ஆட்டத்தின் நுட்பம் எதையோ நாங்கள் இருவருமே பிடிக்கத் தவறிவிட்டோமா?

காம்போ கணக்கன் எழுதியது:

நீங்கள் விவரித்த நிகழ்வு உண்மை. அது எல்லோருக்கும் நேர்வதே. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவை ஏற்க முடியவில்லை.

இருவர் ஆடும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, இருவரும் ஒரே எதிரியின் மீது பாய்வது. இந்த விளையாட்டில் எதிரிகள் சுவரில் மட்டுமல்ல, திரையின் ஓரத்திலும் மோதித் திரும்பி வருவார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தனியாக ஆடுபவர் ஓர் ஓரத்தில் நின்று, மோதித் திரும்பி வருபவனை மறுபடி மறுபடி அடித்துக் காற்றிலேயே வைத்திருப்பார். அப்போது அவருடைய முதுகுப்புறம் திறந்தே கிடக்கும். இருவர் இருந்தால் ஆளுக்கோர் ஓரம். ஒருவர் எதிரியை மறுபுறம் தள்ளுகிறார். அங்கே நிற்பவர் வாங்கி இரண்டு அடி சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார். நானும் என் நண்பரும் பிளேஸ், ஃபிளாய்ட் என்ற பாத்திரங்களை எடுத்து இப்படி ஆடுவோம். ஃபிளாய்ட் ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பிடித்து ஒருவர் தலையோடு மற்றவர் தலையை மோதவைக்கக்கூடியவர். அவர் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரு நொடியில் பிளேஸ் இடப்பக்கத்தைக் காலி செய்துவிடுவார். எவருடைய பச்சையும் வீணாவதில்லை, ஏனெனில் யார் யாரை அடிப்பது என்பதில் குழப்பம் இல்லை.

தம்பியிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: என் கோட்டில் பச்சை தெரிந்தால், என் பக்கத்து ஆளைத் தொடாதே. அந்தப் பச்சை இருவர் கண்ணுக்கும் தெரியும்படிதானே மேலே காட்டப்படுகிறது? அது உங்களுக்கு மட்டும் சொல்லும் செய்தி அல்ல.

பழைய மெகா டிரைவ் எழுதியது:

இந்தக் கேள்விக்கு ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் தொடரின் பழைய பாகங்களிலேயே பதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1991இல் வந்த முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிகள் குறைவு, ஆட்டம் மெதுவு, கிராஃபிக்ஸ் எளிமை. இன்று எடுத்து ஆடினால் அரைமணி நேரத்தில் சலிப்புத் தட்டலாம். ஆனால் இருவர் ஆடுவதைப் பற்றி அதை உருவாக்கியவர்கள் தனியாக உட்கார்ந்து சிந்தித்திருக்கிறார்கள். நம் கூட்டாளியையே பிடித்து, அவரைத் துணையாகக் கொண்டு தாக்கும் அடி அதில் உண்டு. அது தனியாக ஆடுபவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஸ்பெஷல் பொத்தானை அழுத்தினால் போலீஸ் கார் வந்து நின்று திரை முழுவதையும் பொசுக்கும். அந்த நெருப்பு முதல் ஆட்டக்காரருக்கு ஒரு விதமாகவும் இரண்டாமவருக்கு வேறு விதமாகவும் பொழியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அதன் இறுதிக் கட்டம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் வில்லன் மிஸ்டர் எக்ஸ், சண்டை தொடங்குவதற்கு முன், என்னிடம் வந்து சேர்ந்துகொள்கிறாயா என்று கேட்பார். இருவர் ஆடும்போது ஒருவர் சரி என்றும் மற்றவர் முடியாது என்றும் சொன்னால், அதுவரை தோளோடு தோள் நின்றவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும். 1987இல் டபிள் டிராகன் ஆர்கேடில், எல்லாரையும் வீழ்த்திய பின் எஞ்சிய இரு சகோதரர்களை மோதவிட்ட அதே குறும்பு இது. ஆனால் இங்கே அது கட்டாயம் அல்ல, நம் பதிலின் விளைவு. பக்கத்தில் இருப்பவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்த அந்த நொடியை நான்காம் பாகத்தின் பன்னிரண்டு கட்டங்களிலும் தேடினேன். அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

காம்போ கணக்கன் சொல்லும் பந்தாட்டம் அருமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஆட்டக்காரர்கள் தாமாகக் கண்டுபிடித்தது. விளையாட்டு அதைக் கற்றுக்கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. இருவர் கைகோத்தால் மட்டுமே முடியும் என்ற நிலை எங்கேயும் வருவதில்லை. என் குறை இரண்டாம் கன்ட்ரோலரின் குறையிலிருந்து இந்த இடத்தில்தான் விலகுகிறது: அவர் விதி இடறுகிறது என்கிறார், நான் விதி போதவில்லை என்கிறேன்.

ஓட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1994இன் மூன்றாம் பாகத்தில் எல்லோரும் ஓடுவார்கள். இதில் ஆக்ஸல் ஓடமாட்டார், பிளேஸ் ஓடமாட்டார், செர்ரிதான் ஓடுவாள். தனியாக ஆடும்போது இதற்கு ஒரு நியாயம் உண்டு, எங்கே நிற்பது என்பதை யோசிக்க வைக்கிறது. இருவர் ஆடும்போது அந்த நியாயம் ஆட்டங்காண்கிறது. ஓடுபவருக்கே எல்லா எதிரியும் முதலில் கிடைக்கிறார்கள். நடப்பவர் பின்னாலேயே வந்து, விழுந்தவர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேள்வி கேட்டவரின் தம்பி எடுத்தது செர்ரி என்பதைக் கவனித்தீர்களா?

நிதானம் எழுதியது:

கோழியை யாரும் குறிப்பிடவில்லையே. வறுத்த கோழியை எடுப்பவருக்கே முழு உயிரும் போகிறது. என் கூட்டாளி, கோட்டில் கடுகளவு குறைந்திருந்தாலும் பீப்பாயை உடைத்துக் கோழியை எடுத்துவிடுவார். நான் சாகும் தறுவாயில் பத்தடி தள்ளி நிற்பேன். பச்சைக்கோட்டுத் தத்துவமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் கன்ட்ரோலர் எழுதியது:

நிதானம் சொன்னது சிரிப்பை வரவழைத்தாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. யார் எடுப்பது என்று இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தை அந்தக் கோழி உண்டாக்குகிறது. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பேசித் தீர்க்கக்கூடிய ஒன்றைப் பற்றி இருவர் சண்டை போட்டுக்கொள்வதும் கூட்டு ஆட்டத்தின் இன்பங்களில் ஒன்று. பச்சைக்கோட்டில் அந்தப் பேச்சுக்கே நேரம் இருப்பதில்லை. அரை நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

2022இல் வந்த டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்: ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச் விளையாட்டை இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. அதில் விழுந்து கிடக்கும் கூட்டாளியின் தலைக்கு மேல் எண்கள் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் பீட்சாத் துண்டுடன் போய் எழுப்பிவிடலாம். கூட்டாளியின் கையோடு கை தட்டி நம் உயிரில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கலாம். ஆறு பேர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம். அடியின் கனத்திலும் எதிரிகளின் வகையிலும் அது ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜுக்கு ஒரு படி கீழேதான் என்பது என் எண்ணம். ஆறு பேர் சேர்ந்தால் யார் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாத சந்தைக்கடை. ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை விதிகளே நினைவூட்டும் விதம் அதில் இருக்கிறது. கொடுத்தல் என்று ஒரு செயல் இருக்கிறது. இதில் அது இல்லை; விலகி நிற்பதுதான் இங்கே கொடை.

காம்போ கணக்கனின் அறிவுரையை இன்றிரவு தம்பியிடம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்பான் என்ற உறுதி எனக்கில்லை.

தூரிகை எழுதியது:

நீங்கள் எல்லோரும் விதிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியும் யாராவது பேச வேண்டும், ஏனெனில் இருவர் ஆட்டத்தின் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தப் பாகத்திற்குப் படம் வரைந்தது லிசார்ட்க்யூப். 2017இல் ஒண்டர் பாய்: தி டிராகன்ஸ் டிராப் விளையாட்டுக்குப் புத்துரு கொடுத்தவர்கள் அவர்கள்தான். பிக்சல்களை விட்டுவிட்டுக் கையால் வரைந்த உருவங்களுக்கு மாறியது பழைய ரசிகர்கள் பலருக்கு உறுத்தியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆக்ஸலின் தாடியையும் தடித்த இடுப்பையும் பாருங்கள். முந்தைய பாகத்திற்கும் இதற்கும் இடையே நாமும் கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்து வந்திருக்கிறோம் என்பதை அந்த இடுப்பு வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது. ஈரமான தரையில் நியான் விளக்குகள் பிரதிபலிக்கும் முதல் தெருவில் நான் சண்டையை மறந்து நின்று அடி வாங்கியிருக்கிறேன்.

இசையில் ஒலிவியே டெரிவியேர் முதன்மையாக இருக்க, பழைய பாகங்களின் யூசோ கோஷிரோவும் மோட்டோஹிரோ கவாஷிமாவும் சில பகுதிகளுக்கு இசையமைத்திருக்கிறார்கள். பழைய இசையே வேண்டும் என்பவர்கள் அமைப்புகளில் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். கதையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மிஸ்டர் எக்ஸின் இரட்டைப் பிள்ளைகள் நகரத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவே.

இப்போது குறை. அழகாக வரையப்பட்ட ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஒளிச்சிதறல் உண்டு. ஒருவர் ஆடும்போது அது அடியின் கனத்தைக் காட்டுகிறது. ஒரே வீட்டில் நான்கு பேர் வரை ஆட இந்த விளையாட்டு இடம் தருகிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில், சேர்த்துவைத்த நட்சத்திரத்தைச் செலவிட்டு அடிக்கும் நட்சத்திரத் தாக்குதலை விட்டால் திரையில் வெளிச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. இவ்வகை விளையாட்டில் எதிரியின் காலடியைப் பார்த்துத்தான் அவன் நம் வரிசையில் நிற்கிறானா, ஒரு சாண் மேலே நிற்கிறானா என்று அறிகிறோம். காலடி மறைந்தால் நாம் குத்தும் குத்து காற்றில் போகும், அவன் குத்து மட்டும் நம் மீது விழும். மூன்று பேருக்கு மேல் ஆடும்போது இது அடிக்கடி நேர்கிறது. என் மதிப்பில் இந்த விளையாட்டுக்கு உகந்த எண்ணிக்கை இரண்டு. மூன்று ஒரு கொண்டாட்டம். நான்கு ஒரு விபத்து.

காம்போ கணக்கன் எழுதியது:

தூரிகையின் கடைசி வாக்கியத்தை அப்படியே ஏற்கிறேன். இணையம் வழியாக ஆடுபவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை, கதை ஆட்டத்தில் இருவர் மட்டுமே சேர முடியும். நல்லதாகப் போயிற்று என்று ஒருபுறம் தோன்றினாலும், மூன்று நண்பர்கள் மூன்று ஊர்களில் இருந்தால் ஒருவர் வெளியே நிற்க வேண்டியதுதான். இதை நேரடிக் குறையாகவே எழுதுகிறேன்.

மெகா டிரைவ் ஐயாவுக்கு ஒரு மறுமொழி. விதி போதவில்லை என்றீர்கள். ஏழாம் கட்டத்து ரயிலை மறந்துவிட்டீர்களா? ஓடும் ரயிலில் நிற்கும்போது, எதிரே வரும் பலகைகள் குதிக்காதவரைத் தட்டித் தள்ளுகின்றன, நண்பன் பகைவன் என்று பார்ப்பதில்லை. நானும் நண்பரும் ஆடும்போது ஒருவர் சண்டை போடுவார். மற்றவர் சண்டையிலும் ஒரு கண், பலகையிலும் ஒரு கண் வைத்து “குதி” என்று கத்துவார். கத்துவது யார் என்பதை நாங்கள் முன்கூட்டித் தீர்மானித்ததே இல்லை; யாருக்கு அப்போது கை காலியாக இருக்கிறதோ அவர். இது போன்ற கட்டங்கள் இன்னும் நான்கு இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஒன்றுமே இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2021 ஜூலையில் வந்த மிஸ்டர் எக்ஸ் நைட்மேர் என்ற டிஎல்சியையும் (தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்பு) கணக்கில் எடுங்கள். எஸ்டெல், மேக்ஸ், ஷிவா என்று மூன்று பாத்திரங்கள் சேர்ந்தார்கள். அதில் உள்ள சர்வைவல் ஆட்டத்தில் ஒவ்வோர் அலையை முடித்ததும் ஒரு வலிமையைத் தேர்ந்தெடுக்கலாம். இருவர் ஆடும்போது நீ இதை எடு, நான் அதை எடுக்கிறேன் என்று பேச வேண்டியிருக்கிறது. கதை ஆட்டத்தில் இல்லாத பேச்சு அங்கே இருக்கிறது.

புது வரவு எழுதியது:

இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் கைதேர்ந்தவர்களாகத் தெரிகிறது. நானும் என் மனைவியும் இதைத் தொடங்கலாம் என்றிருக்கிறோம். நான் இவ்வகையில் கொஞ்சம் ஆடியிருக்கிறேன். அவர் கன்ட்ரோலரைப் பிடிப்பதே இதுதான் முதல் முறை. இருவர் திறமையிலும் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால் இந்த விளையாட்டு தாங்குமா? யாருக்கு எந்த ஆளைக் கொடுப்பது?

பழைய மெகா டிரைவ் எழுதியது:

தாங்கும். இந்த ஓர் இடத்தில் நான்காம் பாகம் முந்தைய மூன்றையும் விட மேலானது.

கதை ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் தனிக் கணக்கு. ஒன்றில் தோற்றால் அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி ஆடினால் போதும். மறுபடி தொடங்கும்போது மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு, கூடுதல் உயிர்களையும் நட்சத்திரங்களையும் எடுத்துக்கொள்ளலாம். முதன்முறை ஆடுபவர்கள் கூச்சப்படாமல் எடுங்கள். பழைய பாகங்களில் கன்டினியூ (தோற்றபின் தொடரும் வாய்ப்பு) தீர்ந்தால் முதல் தெருவுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அந்தக் கண்டிப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஆர்கேட் ஆட்டம் தனியாக இருக்கிறது.

ஆட்களைப் பொறுத்தவரை, அவருக்கு ஃபிளாய்டைக் கொடுங்கள். மெதுவானவர், ஆனால் கை நீளம், அடி கனம். அருகில் போனாலே பிடி விழுந்துவிடும், பிடித்தபின் தூக்கி எறிந்தால் ஒரு கூட்டமே சாயும். புதியவருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே நானும் ஏதோ செய்தேன் என்ற நிறைவு கிடைக்க வேண்டும். ஃபிளாய்ட் அதைத் தருவார். நீங்கள் பிளேஸையோ ஆக்ஸலையோ எடுங்கள். செர்ரி வேண்டாம். காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

நண்பரின் அடி நண்பர் மீது படும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்பதையும் தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதானம் எழுதியது:

கோழியை அவருக்கு விட்டுக்கொடுங்கள்.

இரண்டாம் கன்ட்ரோலர் எழுதியது:

மூன்று இரவுகள் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தம்பியிடம் செர்ரியை விட்டுவிடச் சொன்னேன், மறுத்துவிட்டான். அதனால் நான் ஃபிளாய்டுக்கு மாறினேன். இடப்பக்கம் என்னுடையது, வலப்பக்கம் அவனுடையது என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் இரவு பேச்சு எடுபடவில்லை. பழக்கத்தில் என் பக்கத்துக்கு நான்கு முறை ஓடிவந்தான். நான்கு முறையும் என் பச்சை போயிற்று. இரண்டாம் இரவு ஒரு சிறு மாற்றம் செய்தோம். நான் ஸ்பெஷல் அடிக்கும்போதெல்லாம் “கடன்” என்று வாய்விட்டுச் சொல்வது. அதைக் கேட்டால் அவன் தன் பக்கமே நிற்பது. நான் அடைத்து முடித்ததும் “தீர்ந்தது” என்பது. கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் எட்டாம் கட்டமான ஓவியக் கூடத்தை அன்றுதான் உயிர் ஒன்றும் போகாமல் முடித்தோம். மூன்றாம் இரவு எதிர்பாராத ஒன்று நடந்தது. அவன் “கடன்” என்றான். என் பிடியில் இரண்டு பேர் இருந்தார்கள். அடிக்காமல் இருவரையும் அவன் பக்கமாகத் தூக்கி எறிந்தேன். அவன் அவர்கள் மீதே தன் கோட்டை நிரப்பிக்கொண்டான்.

கொடுத்தல் என்று ஒரு செயல் இதில் இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். விளையாட்டு அதைச் சொல்லித்தரவில்லை என்ற மெகா டிரைவ் ஐயாவின் குறை மட்டும் அப்படியே நிற்கிறது. இருமுறை முழுதாக முடித்தும் எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்றை ஒரு பயிற்சிக் காட்சியில் அரை நிமிடத்தில் காட்டியிருக்கலாம்.

அடுத்து மேனியா என்ற மிகக் கடினமான நிலையில் தொடங்குகிறோம். ஒன்பதாம் கட்டத்தில் இரண்டு ஓரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்கள் வரும்போது இருவரும் சேர்ந்து “கடன்” என்று சொல்ல நேர்ந்தால் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் இப்போது வீட்டில் தகராறு.